மின்னஞ்சற் குழுக்களும் வைரசுக் காவலும்: ஒரு வரலாற்று நோக்கு

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனிதர் கூடிக் கருத்துப் பரிமாறுவதற்கு அமைத்துக்கொண்ட நிறுவனங்களுள் மிக எளிமையானது மின்னஞ்சற் குழுவாகும். உறுப்பினர் ஒருவர் ஒரு பொது முகவரிக்கு மடல் எழுதுகின்றார். அம்முகவரிக்குப் பின்னாலுள்ள கணினி அம்மடலைப் படியெடுத்து, பட்டியலிற் பெயருள்ள அனைவருக்கும் அனுப்பிவிடுகின்றது. மண்டபமோ அச்சகமோ தபாற் செலவோ இதற்கு வேண்டியதில்லை. நாடுகள் பலவற்றிற் சிதறி வாழும் ஓர் இனத்தவருக்கு இவ்வமைப்பு எத்துணைப் பயனுடையதாயிற்று என்பதைத் தமிழரின் அண்மைக்கால வரலாறு தெளிவாகக் காட்டும்.

ஆயின், நல்ல மடலை ஆயிரம் படிகளாக்கும் அதே பொறி, கேடு விளைக்கும் மடலையும் ஆயிரம் படிகளாக்கும். கணினி வைரசு எழுதியோர் இவ்வுண்மையை விரைவிலேயே கண்டுகொண்டனர். குழுக்களை நடத்தியோர் தம் உறுப்பினரைக் காக்க விதிகளையும் வழிமுறைகளையும் வகுத்தனர். அவ்விதிகள் எக்காலத்தில், எவ்வனுபவங்களின் விளைவாகத் தோன்றின என்பதையும், அவற்றால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பதையும், ஈழத்துத் தமிழ்ச் சூழலையும் வவுனியாவையும் கருத்திற்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லொன்றினை முதலில் விளக்குதல் தகும். பிறிதொரு நிரலுடன் ஒட்டிக்கொண்டு தன்னைப் படியெடுத்துப் பரவும் நிரலே வைரசு எனப்படும். தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த பிரெட் கோகென் 1983, 1984ஆம் ஆண்டுகளில் இதனை முறையாக ஆராய்ந்து, இச்சொல் ஆய்வுலகில் நிலைபெறக் காரணராயினார். பிறிதொரு நிரலின் துணையின்றி வலையமைப்பின் வழியே தானாகப் பரவுவதைப் புழு என வேறுபடுத்துவர். மின்னஞ்சல் வழியே பரவியவற்றுட் பல இவ்வரைவிலக்கணப்படி புழுக்களே. எனினும் மக்கள் வழக்கைத் தழுவி இரண்டையும் வைரசு என்றே இங்கு குறிப்பிடுவது வசதியாகும்.

குழு மடலின் தோற்றமும் முதற் பாடங்களும்

றே ரொம்லின்சன் என்பார் 1971இல் ஆர்பாநெற் என்னும் அமெரிக்க வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றிற்கு மடல் அனுப்பிக் காட்டினார். 1975இல் அவ்வலையமைப்பிலேயே முதற் குழு மடற் பட்டியல்களுள் ஒன்று தொடங்கியது. 1981இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் பிற்நெற் வலையமைப்புத் தோன்றியது. பட்டியலிற் சேர்தல், விலகுதல் ஆகியவற்றை ஆளின்றித் தானே நடத்தும் லிஸ்ற்சேர்வ் என்னும் நிரலை 1986இல் பாரிசில் எரிக் தோமஸ் என்னும் மாணவர் ஆக்கினார். இவ்விளக்கத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. ஆரம்பகாலப் பட்டியல்களில் உறுப்பினர் அனைவரின் முகவரிகளையும் எவரும் ஒரு சிறு கட்டளை மூலம் கேட்டுப் பெறக்கூடியதாயிருந்தது. பல்கலைக்கழக வட்டத்தினர் ஒருவரையொருவர் அறிந்தும் நம்பியும் வாழ்ந்த காலம் அது. காவல் என்னும் எண்ணத்திற்கே அங்கு இடமிருக்கவில்லை.

1987ஆம் ஆண்டு திசெம்பரில் இந்நம்பிக்கை முதன்முறையாகச் சோதனைக்குள்ளாயிற்று. மேற்கு ஜேர்மனியின் கிளவுஸ்தால் தொழினுட்பப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நத்தார் வாழ்த்து நிரலொன்றை எழுதினார். அதனை இயக்கியவரின் திரையில் நட்சத்திரக் குறிகளாலான ஒரு மரம் தோன்றியது. அதே வேளையில் அந்நிரல் அவரது முகவரிக் கோப்பைப் படித்து, அதிற் கண்ட அனைவருக்கும் தன் படியொன்றை அனுப்பியது. ஐரோப்பியப் பல்கலைக்கழக வலையமைப்பிலிருந்து பிற்நெற்றிற்கும், அங்கிருந்து ஐ.பி.எம். நிறுவனத்தின் உள்வலையமைப்பிற்கும் அது பரவிப் போக்குவரத்தை முடக்கியது. பிற்காலத்து மின்னஞ்சல் வைரசுகளின் இலக்கணம் இங்கேயே முழுமையாக அமைந்துவிட்டது எனலாம். மடல் அறிமுகமானவரிடமிருந்து வந்தது; பெற்றவர் தம் கையாலேயே அதனை இயக்கினார்; அடுத்து யாருக்குச் செல்வதென்பதை அவரது முகவரிக் கோப்பே தீர்மானித்தது. இயந்திரத்தின் குறையைக் காட்டிலும் மனிதரின் நட்பே அதற்கு ஊர்தியாயிற்று.

அடுத்த ஆண்டில் இரு முக்கிய நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. வைரசு பற்றிய எச்சரிக்கைகளையும் ஆய்வுகளையும் பரிமாறுவதற்கென்றே அமெரிக்காவின் லீகை பல்கலைக்கழகத்தில் கென் வான் வைக் என்பார் 1988இல் வைரஸ்-எல் என்னும் மின்னஞ்சற் குழுவைத் தொடங்கினார். நோய் பரவும் பாதையே மருந்து பரவும் பாதையுமாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் கோர்ணெல் பல்கலைக்கழக மாணவர் றொபேட் மொறிஸ் எழுதிய புழு இணையத்திற் பரவியது. அன்று இணையத்திலிருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளுள் 6,000 வரை பாதிக்கப்பட்டன என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடாகும். அப்புழு நுழைந்த வாயில்களுள் ஒன்று, மடல்களைக் கொண்டுசேர்க்கும் சென்ட்மெயில் நிரலின் ஒரு பிழையாகும்.

இந்நிகழ்ச்சியின் ஒரு கூறு காவல் பற்றிச் சிந்திப்போர் மறக்கத்தகாதது. மொறிசின் நண்பர் ஒருவர் அப்புழுவை நிறுத்தும் வழியை விளக்கி மின்னஞ்சற் குழுவொன்றிற்கு எழுதினார். ஆனால் அஞ்சிய நிலையங்கள் தம் இணைப்பைத் துண்டித்துவிட்டதாலும், பாதைகள் நெரிசலுற்றிருந்ததாலும் அம்மடல் உரிய வேளையில் உரியோரைச் சென்றடையவில்லை. நோய்க்கு அஞ்சிக் கதவையடைத்தவர்கள் மருத்துவனையும் வெளியே நிறுத்திவிட்டனர். இதன் விளைவாக அமெரிக்க அரசின் ஆதரவுடன் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் அந்நவம்பரிலேயே அவசர உதவிக் குழுவொன்று அமைக்கப்பட்டது. இடர் நேரும்போது தொடர்பு அறாதிருக்கவேண்டும் என்பதே அதன் அமைப்பிற்கு அடிப்படையான படிப்பினையாகும்.

இலங்கையும் தமிழ் மடற்குழுக்களும்

இலங்கையில் மின்னஞ்சற் பயன்பாடு பல்கலைக்கழகங்களிலேயே வேரூன்றியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியால் 1990இல் லேர்ண்மெயில் என்னும் கல்வித்துறை அஞ்சற் சேவை தொடங்கியது. தொலைபேசி இணைப்பை அவ்வப்போது ஏற்படுத்தி, சேர்ந்துள்ள மடல்களைப் பொதியாக அனுப்பிப் பெறும் முறை அன்று நிலவியது. வர்த்தக அடிப்படையிலான முழு இணையச் சேவை 1995இல் இந்நாட்டிற் கிடைத்தது.

அதே 1990இன் யூன் மாதத்தில் வடக்கில் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணம் செல்லும் புகையிரதம் வவுனியாவுடன் நின்றது. வவுனியாவிற்கு வடக்கேயிருந்த வன்னிப் பெருநிலம் மின்சாரமும் தொலைபேசியும் அற்ற நிலையிற் பல்லாண்டுகள் கழித்தது. நாட்டின் ஒரு பகுதி உலக வலையமைப்புடன் இணையத் தொடங்கிய அதே காலத்தில் மற்றொரு பகுதி உள்ளூர்த் தபாலுக்கே காத்திருந்தது. இந்த ஏற்றத்தாழ்வு ஈழத் தமிழரின் கணினி வரலாற்றை ஆராய்வோர் மனங்கொள்ளவேண்டிய ஒன்றாகும்.

ஆகவே, தமிழ் மடற்குழுக்கள் தாயகத்திலன்றிப் புலம்பெயர்ந்த நாடுகளிலேயே தோன்றியமை இயல்பாகும். 1990களின் நடுப்பகுதியில் மலேசியத் தமிழரான பாலா பிள்ளை அவுஸ்திரேலியாவிலிருந்து தமிழ்.நெற் என்னும் குழுவை நடத்தினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல் நிரலின் துணையால் அங்கு தமிழெழுத்திலேயே மடலாடல் இயன்றது. திஸ்கி எனப்படும் தமிழ் எழுத்துக்குறி முறையும் மின்னஞ்சல் வழி நடந்த கலந்துரையாடல்களிலேயே உருப்பெற்றது. சுவிற்சர்லாந்திலிருந்த கலாநிதி கு. கல்யாணசுந்தரம் தலைமையில் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் பரந்திருந்த தன்னார்வலர் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் மின்னஞ்சலில் அனுப்பிய நூல்களாலேயே வளர்ந்தது. பின்னர் அகத்தியர், மரத்தடி, இராயர் காப்பி கிளப் முதலிய பல குழுக்கள் யாகூ சேவையில் இயங்கின.

இக்குழுக்களுக்கு ஆங்கிலக் குழுக்களுக்கில்லாத ஓர் இடர் இருந்தது. தமிழ் மடலைப் படிக்க வேண்டுமாயின் உரிய எழுத்துருவையும் விசைப்பலகை நிரலையும் உறுப்பினர் தம் கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டும். எழுத்துக்குறி முறைகள் பலவாயிருந்தமையால் ஒருவர் அனுப்பிய மடல் மற்றவர் திரையிற் புரியாத குறிகளாகத் தோன்றும். அதனைத் தவிர்க்க மடலை வேர்ட் கோப்பாகவோ படமாகவோ இணைத்தனுப்புவது எளிய வழியாகத் தெரிந்தது. பிறர் தரும் நிரலை நிறுவுவதும் பிறர் அனுப்பும் கோப்பைத் திறப்பதும் தமிழ் படிப்பவனுக்கு அன்றாடக் கடமைகளாயின. வைரசு எழுதுவோன் எதிர்பார்ப்பதும் இவ்விரு பழக்கங்களையே. 1995இல் வெளிப்பட்ட கொன்செப்ற் என்னும் வைரசு, வேர்ட் கோப்புக்களினுள் மறைந்து பரவவல்லது என்பதை இங்கு நினைவுகூரலாம். இந்நோக்கில் யூனிகோட் முறையின் வருகை ஒரு காவல் நடவடிக்கையாகவும் அமைந்தது. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தபோதிலும், விண்டோஸ் 2000, விண்டோஸ் எக்ஸ்பி ஆகிய இயங்குதளங்கள் தமிழை ஏற்ற பின்னரே அதன் பயன் மக்களை எட்டியது. வேற்று நிரலெதனையும் நிறுவாமல் வெறும் எழுத்து மடலாகத் தமிழைப் படிக்கலாம் என்ற நிலை தோன்றியபோது, திறக்கவேண்டிய கோப்புக்களின் தொகை தானாகவே குறைந்தது.

இக்காலத்து நிகழ்ச்சி இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. 1997இல் இலங்கைத் தூதரகங்களுக்கு ஏறத்தாழ இரு வாரங்கள் நாளொன்றுக்கு 800 வரையான மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டுச் சேவை இடையூறுற்றது என்றும், 'இணையக் கரும்புலிகள்' எனத் தம்மைக் கூறிக்கொண்டோர் அதற்கு உரிமை கோரினர் என்றும் 1998இற் செய்திகள் வெளிவந்தன. இது வைரசுத் தாக்குதலன்று. மடற் பெருக்கினால் விளைந்த முடக்கமேயாகும். எனினும் போரிற் சிக்குண்ட ஒரு நாட்டில் மின்னஞ்சலும் களமாக மாறக்கூடும் என்பதை உலகிற்குக் காட்டிய முற்கால நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்றாகும்.

பெருந்தொற்றுக் காலம்: 1999 முதல் 2004 வரை

1999ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் மெலிசா என்னும் வைரசு வெளிப்பட்டது. வேர்ட் கோப்பொன்றைத் திறந்ததும், பயனரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்திலுள்ள முதல் 50 முகவரிகளுக்கு அது தன்னை அனுப்பியது. ஐம்பது என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் அவற்றுள் ஒன்று மின்னஞ்சற் குழுவின் முகவரியாயின், அக்குழுவின் உறுப்பினர் அனைவருக்கும் அது சென்றுவிடும் என்பதைக் கார்ணகி மெலன் நிலையம் தன் அறிவித்தலிலே சுட்டிக்காட்டியது. ஐந்நூறு உறுப்பினரைக் கொண்ட ஒரு குழு, ஒரு மடலை ஐந்நூறாக்கும். அவ்வைந்நூற்றுவரும் அதனைத் திறப்பின் ஒவ்வொருவரும் ஐம்பதாக்குவர். குழுவை நடத்துபவரின் பொறுப்பு எத்தகையது என்பதை இக்கணக்கே உணர்த்தும்.

2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் பிலிப்பைன்சிலிருந்து 'ஐ லவ் யூ' எனும் தலைப்புடைய மடல் புறப்பட்டது. அதனுடன் வந்த கோப்பு, காதற் கடிதமொன்றின் பெயரைத் தாங்கி, எழுத்துக் கோப்புப் போலவே தோன்றியது. விண்டோஸ் இயங்குதளம் கோப்புப் பெயரின் இறுதிக் கூறை மறைத்துக் காட்டியமையால் அது ஓர் இயங்கு நிரல் என்பது பலருக்குத் தெரியவில்லை. இம்முறை ஐம்பது என்ற எல்லையுமிருக்கவில்லை. முகவரிப் புத்தகம் முழுவதற்கும் அது சென்றது. படக் கோப்புக்களையும் அது அழித்தெழுதியது. அதனை எழுதியவர்மீது வழக்குத் தொடரப் பிலிப்பைன்சில் அன்று உரிய சட்டமில்லை. ஒரு மாதத்தின் பின்னர், 2000 யூன் மாதத்திலேயே அங்கு சட்டம் இயற்றப்பட்டது. மெலிசாவை எழுதிய டேவிட் சிமித் அமெரிக்காவில் 2002இல் 20 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். சட்டமுள்ள நாட்டிற்கும் சட்டமில்லாத நாட்டிற்கும் இடையிலான வேறுபாடு இதனாற் புலப்படும்.

2001 யூலையில் வந்த சேர்காம் பயனரின் சொந்த ஆவணங்களுள் ஒன்றை எடுத்து அதனுடன் தன்னை ஒட்டி அனுப்பியது. இதனால் வெளிவரக்கூடாத கடிதங்களும் பிறர் கைக்குச் சென்றன. அதற்குப் பின்வந்த கிளெஸ் இன்னுமொரு படி முன்சென்றது. தொற்றுண்ட கணினியிற் கண்ட முகவரிகளுள் ஒன்றை அனுப்புநர் பெயராகப் பொய்யாக இட்டு, மற்றொன்றிற்கு மடலனுப்பியது. கணினி சுத்தமாயிருந்த ஒருவரின் பெயரில் நச்சு மடல் வந்தது. வைரசு தேடும் நிரல்கள், 'நீர் வைரசு அனுப்பியுள்ளீர்' என்னும் தானியங்கு அறிவித்தலை அக்குற்றமற்றவருக்கே அனுப்பின. 2004 சனவரியில் மைடூம் என்னும் வைரசு உலகெங்கும் பேரளவிற் பரவியபோது பெயர் பொய்த்தல் வழமையாகிவிட்டது.

காவல் விதிகளின் வளர்ச்சி

இவ்வனுபவங்களின் ஊடாக உருவான விதிகளை நான்கு வகையாகத் தொகுத்து நோக்கலாம்.

முதலாவது, இணைப்புக் கோப்புக்களை விலக்குதல். குழுவிற்கு வரும் மடலில் எழுத்துப் பகுதியை மாத்திரம் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கிவிடும் நிரல்கள் ஆக்கப்பட்டன. 2002 திசெம்பரில் வெளியான மெயில்மன் நிரலின் 2.1 பதிப்பு இவ்வசதியைத் தன்னகத்தே கொண்டிருந்தது. யாகூ குழுக்களிலும் இணைப்புக்களை நீக்கும் தெரிவு உரிமையாளருக்கு வழங்கப்பட்டது. 1999இன் இறுதியில் வந்த பபிள்போய் முதலியன, மடலைப் பார்த்த மாத்திரத்திலேயே தொற்றவல்லனவாயிருந்தமையால், அலங்கார வடிவிலான மடல்களையும் வெற்றெழுத்தாக மாற்றும் வழக்கம் பரவியது.

இரண்டாவது, முகவரிகளை மறைத்தல். உறுப்பினர் பட்டியலை எவரும் கேட்டுப் பெறும் பழைய உரிமை நீக்கப்பட்டது. பலருக்கு ஒரு மடலை அனுப்புவோர் முகவரிகளை வெளிப்படையாக அடுக்காது மறைபடியாக இடவேண்டும் என்பது நல்லொழுக்கமாயிற்று. ஒருவரது கணினி தொற்றுண்டாலும் ஏனையோரின் முகவரிகள் அங்கு கிடைக்கக்கூடாதென்பதே இதன் நோக்கமாகும்.

மூன்றாவது, மட்டுறுத்தல். உறுப்பினர் மாத்திரமே எழுதலாம் என்பதும், புதியவரின் முதல் மடல்கள் மட்டுறுத்துநர் பார்த்த பின்னரே வெளிவரும் என்பதும் வழமையாயின. இன்று தமிழில் இயல்பாக வழங்கும் 'மட்டுறுத்தல்' என்னும் சொல் இணையத் தமிழ்க் குழுக்களின் புழக்கத்தால் நிலைபெற்றதொன்றாகும்.

நான்காவது, வழங்கியிலேயே சோதித்தல். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கணினியிற் காவல் நிரலை வைத்திருப்பர் என எதிர்பார்க்க முடியாது. அதற்குரிய பணவசதி எல்லோரிடமுமில்லை. ஆகவே மடல் புறப்படும் இடத்திலேயே அதனைச் சோதித்தல் நீதியானதுமாகும். 2002இல் வெளிவந்த கிளாம்-ஏவி என்னும் இலவச நிரல் சிறு நிறுவனங்களுக்கும் இவ்வழியைத் திறந்துவிட்டது.

இவற்றுடன் பொய்யெச்சரிக்கை பற்றியும் கூறவேண்டும். 1994இன் இறுதியில் 'குட் ரைம்ஸ்' என்னும் தலைப்புடைய மடலைப் படித்தாலே கணினி அழியும் என்னும் வதந்தி பரவியது. அத்தகைய வைரசு எதுவும் இருக்கவில்லை. ஆனால் எச்சரிக்கையை எல்லோருக்கும் அனுப்புமாறு வேண்டியமையால் அவ்வெச்சரிக்கையே வைரசு போற் பரவியது. உறுதிப்படுத்தாத எச்சரிக்கையைக் குழுவிற்கு அனுப்பலாகாது என்னும் விதி இதன் பயனாகும்.

வவுனியாவின் அனுபவமும் காவலின் அறமும்

கிளெஸ் வைரசு எழுப்பிய வினா தொழினுட்பத்தோடு மாத்திரம் நின்றுவிடவில்லை. மடல் யாருடைய பெயரில் வந்தது என்பதைக் கொண்டு அதனை ஏற்பதா மறுப்பதா எனத் தீர்மானித்த முறை அன்று தோல்வியுற்றது. பெயர் நல்லதாயிருந்தும் பொதி நஞ்சாயிருந்தது. நஞ்சு எவர் பெயரில் வந்ததோ அவர் நிரபராதியாயிருந்தார். சில குழுக்களில் அத்தகையோர் பழிசுமக்க நேரும் என்பது எதிர்பார்க்கத்தக்கதே. ஆளைப் பாராது பொதியைப் பார்க்கவேண்டும் என்னும் தெளிவு இவ்வனுபவத்தாற் பிறந்தது.

வவுனியா மக்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. 1990களில் வன்னியிலிருந்து வந்தோர் முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, பாஸ் எனப்பட்ட அனுமதிச் சீட்டுப் பெற்றே நகரில் தங்கவும் தெற்கே செல்லவும் இயன்றது. எதனைக் கொண்டுவந்தார் என்பதைவிட எங்கிருந்து வந்தார் என்பதே பெரிதாகக் கருதப்பட்டது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டு, ஏப்ரலில் கண்டி வீதி திறக்கப்பட்டபோது, ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்தே வடக்கிற்கும் தெற்கிற்கும் மக்கள் போய்வந்தனர். 2006 ஓகஸ்டில் அப்பாதை மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்து ஆறாண்டுகளின் பின், 2015 ஓகஸ்டிலேயே அச்சாவடி அகற்றப்பட்டது. கணினியின் வாயிலையும் மனிதரின் வாயிலையும் ஒன்றெனக் கூறுவது பொருந்தாது. மடலுக்கு வலியில்லை, மனிதருக்கு உண்டு. எனினும் காவல் என்னும் பெயரில் நல்லவர்மீது ஐயம் சுமத்தும் முறை, நஞ்சைத் தடுக்கத் தவறுவதோடு சமூகத்தையும் குலைக்கும் என்னும் உண்மை இரண்டிற்கும் பொதுவானதாகும்.

இதே நகரில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம், 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகவும், 2021 ஓகஸ்ட் 1ஆம் நாள் முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தமை வன்னியின் அறிவு வரலாற்றிற் பெருநிகழ்ச்சியாகும். பிரயோக விஞ்ஞானத்தையும் தொழினுட்பத்தையும் கற்பிக்கும் பீடங்கள் அங்குள்ளன. நாட்டளவிலும் உரிய அமைப்புக்கள் தோன்றின. 2006இல் இலங்கைக் கணினி அவசர நடவடிக்கைக் குழு நிறுவப்பட்டது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அதிகாரமின்றிப் பிறர் கணினிக்குக் கேடு விளைக்கும் நிரலைப் புகுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பிலிப்பைன்சு 2000இற் கற்ற பாடத்தை இலங்கை ஏழாண்டுகளின் பின் ஏட்டிற் பொறித்தது எனலாம்.

காவலின் விலை

காவலுக்கு ஒரு விலையுண்டு. இணைப்புக்களை நீக்கிய குழுக்களிற் படங்களும் நூற்பக்கங்களும் பகிரப்பட முடியவில்லை. ஆனால் அக்கட்டுப்பாடே எழுத்தை முதன்மைப்படுத்தியது என்பதும் உண்மையாகும். 2014 ஏப்ரலில் யாகூ நிறுவனம் பெயர் பொய்த்தலைத் தடுக்க ஒரு கடும் விதியை நடைமுறைப்படுத்தியபோது, அதன் பயனர் குழுக்களுக்கு எழுதிய நேர்மையான மடல்களையும் பிற சேவைகள் மறுத்தன. குழு நிரல்கள் அனுப்புநர் முகவரியை மாற்றியெழுதவேண்டிய நிலை ஏற்பட்டது.

இவற்றினும் பெரிய இழப்பு வேறொரு திசையிலிருந்து வந்தது. யாகூ நிறுவனம் தன் குழுச் சேவையை 2019இன் இறுதியிற் சுருக்கி, 2020 திசெம்பர் 15ஆம் நாள் முற்றாக மூடியது. பல்லாண்டுகள் தமிழர் எழுதிய மடல்களும் விவாதங்களும் எவரேனும் முன்னரே படியெடுத்து வைத்தாலன்றி மறைந்துபோயின. உறுப்பினரை வைரசிலிருந்து காத்த விதிகள் அவர்தம் எழுத்தை மறதியிலிருந்து காக்கவில்லை. எழுத்து மடலாகவே தொகுக்கப்பட்டுப் பலவிடங்களிற் படியெடுத்து வைக்கப்பட்ட மதுரைத் திட்ட நூல்கள் இன்றும் கிடைக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் பேணி வருகின்றது. படிபெருக்குதல் வைரசின் ஆயுதம் மாத்திரமன்று. அழிவிலிருந்து அறிவைக் காப்போரின் ஆயுதமும் அதுவே.

வைரசும் ஓய்ந்துவிடவில்லை. 2014இல் அறியப்பட்ட இமொட்டெற், தொற்றுண்ட கணினியிலிருந்த பழைய மடல்களைத் திருடி, நடந்துகொண்டிருந்த உரையாடலுக்கான மறுமொழி போலவே தன்னை அனுப்பும் வல்லமையைப் பின்னர் பெற்றது. 2021 சனவரியிற் பல நாட்டுக் காவற்றுறையினர் இணைந்து அதனை முடக்கினர். அவ்வாண்டு நவம்பரில் அது மீண்டும் தலைகாட்டியது. 1987இல் முகவரியைத் திருடியது, 2002இற் பெயரைத் திருடியது, பின்னர் உரையாடலையே திருடத் தொடங்கியது எனச் சுருங்கக் கூறலாம். ஒவ்வொரு படியிலும் அது நாடியது நம்பிக்கையையே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துக்கள் பெறப்படும். மின்னஞ்சற் குழுவின் காவல் தனியொருவரின் கணினி அறிவினால் அமைவதன்று. குழுவை நடத்துவோரின் பொறுப்பினாலும் பொது விதியினாலும் அமைவது. மடலின் பெயரைச் சோதிப்பதினும் பொருளைச் சோதிப்பதே பயனும் நீதியும் உடையது. இடர்வேளையிற் குழுவைக் கலைப்பதும் தொடர்பைத் துண்டிப்பதும் காவலாகா; உறுப்பினர்க்கு உண்மையான எச்சரிக்கை சென்றடையும் ஒரு வழி எப்போதும் திறந்திருத்தல் வேண்டும்.

இன்று மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் அமைப்புக்களும் கைத்தொலைபேசிக் குழுக்களுக்கு மாறிவிட்டன. கோப்பின் வடிவமும் இணைப்பின் தோற்றமும் மாறியிருக்கலாம். அறிமுகமானவர் பெயரில் வந்து, பெற்றவர் கையாலேயே திறக்கப்படும் பழைய முறை மாறவில்லை. பல்லாண்டுகள் துண்டிக்கப்பட்டிருந்த வன்னி நிலத்தவர்க்குத் தொடர்பின் அருமை பிறரினும் நன்கு தெரியும். அத்தொடர்பை அச்சத்தால் மூடிவிடாமலும் அசட்டையாற் கெடுத்துவிடாமலும் பேணும் விதிகளை வகுத்துக்கொள்வது, கற்றோரும் கற்பிப்போரும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும்.